மூன்றாவது கியர்

“ஏம்மே பத்மா, உங்கப்பா கார் ஓட்டறாரு சரி. நீ பின்னாடி டிபன் டப்பாவ மடியில வச்சிகினு இன்னாமே பண்ற?”

பக்கத்துக் குவார்ட்டர்ஸ் ராணியக்கா போன மாதம் இப்படிக் கேட்டபோது பத்மா சிரித்துவிட்டு உள்ளே ஓடிவிட்டாள். இப்போது அதே ராணியக்கா, கூடத்தில் அப்பாவின் தலைமாட்டு விளக்குக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள். பத்மா சமையலறையில் உட்கார்ந்து வாய்க்கரிசிக்கு எடுத்த அரிசியில் கல் பொறுக்கினாள். கல்லே இல்லை. இருந்தாலும் பொறுக்கினாள்.

நேற்று சாயங்காலம் ஃபேக்டரியிலிருந்து வந்த அப்பா தசரதன் சட்டையைக் கழற்றினார். ஒரு கை சட்டைக்குள் இருக்கும்போதே கட்டிலில் சாய்ந்தார். அம்மா காப்பியோடு வந்தபோது உயிர் இல்லை.

கார் வாசலில்தான் நின்றது. சென்னீர்குப்பத்து மெக்கானிக் சுலைமானிடம் பழுதுக்கு வந்த வெளிநாட்டு வண்டி. கிளட்ச் கிடையாது, கியர் தானாக மாறும். எப்போது மாறவேண்டும் என்று சொல்லும் மின்சாரப் பெட்டி மழைத்தண்ணீர் புகுந்து கருகிவிட்டது. அந்தப் பெட்டி இங்கே எங்கும் கிடைக்கவில்லை. “நானே பண்ணித் தரேன் பாய்” என்று அப்பா வண்டியை வாசலுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

பழைய அலுமினிய டிபன் டப்பாவுக்குள் டிரான்சிஸ்டர்களை வைத்துச் சால்டர் பண்ணினார். பெட்டி சரியாகும்வரை பட்டனை அமுக்கிக் கியர் மாற்ற ஓர் ஆள் வேண்டும். ஒன்பதாம் வகுப்பில் எழுந்து படிக்கச் சொன்னால் குரல் வராமல் நின்று நின்று, கடைசியில் பள்ளிக்கூடத்திலிருந்தே நின்றுவிட்ட பத்மாதான் அந்த ஆள். வயர் பின்சீட்டுவரைதான் எட்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் பாரிவாக்கம் ரோட்டில் வண்டி போகும்போது எஞ்சினின் இரைச்சல் ஏறும். இன்னும் கொஞ்சம் ஏறட்டும் என்று காத்திருந்து அமுக்குவாள். இரைச்சல் தணிந்து வண்டி வழுக்கிக்கொண்டு போகும்.

“உன் காதுக்கு முன்னாடி மீட்டராவது ஒண்ணாவது!” என்பார் அப்பா.

பத்மா வீட்டைவிட்டு வெளியே போனது அந்த ஞாயிறுகளில் மட்டும்தான். இரண்டாவது கியர் தானாக மாற ஆரம்பித்துவிட்டது. மூன்றாவதை அப்பா தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார். ஏன் என்று அவளும் கேட்டதில்லை.

“தூக்கற நேரத்துல யார்துப்பா இந்த காரு, குறுக்கால நிக்குது?” வாசலில் தாய்மாமன் பரந்தாமனின் குரல். விடியும்போதே குத்தம்பாக்கத்திலிருந்து வந்து எல்லாவற்றையும் கையில் எடுத்துக்கொண்டிருந்தார்.

“எடுத்துர்றேன் அண்ணாத்தே,” என்றார் சுலைமான். “மூணாவது கியருக்கு மட்டும் பாப்பா பட்டன் அமுக்கணும், ரெண்டாவதுலயே போனா இஞ்சின் தாங்காது. சென்னீர்குப்பம் வரைக்கும் வந்துச்சுன்னா, உடனே நானே இட்டாந்து வுட்டுர்றேன்.”

“இன்னா பாய் பேசற? அப்பன் கெடக்கறான், பொண்ணு கார்ல ஊர்வலம் போவுமா?” பரந்தாமன் கூடத்துப் பக்கம் திரும்பினார். “அக்கா, பதினாறு முடிஞ்சதும் குவார்ட்டர்ஸ காலி பண்ணிட்டு நம்ம ஊட்டுக்கு வந்துருங்க. இவ உள்ளயே இருக்கட்டும். வெளிய இவளுக்கு ஒரு சோலியும் கெடயாது.”

அம்மா முந்தானையால் அப்பாவின் முகத்தில் உட்கார்ந்த ஈயை விரட்டினாள்.

சற்று நேரத்தில் பின்கட்டு வழியாகச் சுலைமான் வந்தார். கையில் வயரிலிருந்து கழற்றிய டப்பா.

“பாப்பா, மூணாவத இப்ப சரி பண்ண முடியுமா பாரு. முடியலன்னா உட்டுரு. வண்டிய தள்ளிகினு போய் ஓரமா நிறுத்திக்கறேன். பதினாறு கழிச்சு வந்து உங்க மாமனாண்ட பேசறேன். பத்மா வந்தாத்தான் வண்டி ஓடும்னு சொல்றேன். அப்பால ஷெட்டுலயே உனக்கு வேல இருக்கும்மா.”

பத்மா டப்பாவைப் பார்த்தாள். மூடியைத் திறந்தால், மூன்றாவது எப்போது விழவேண்டும் என்று திருகி வைக்கும் சின்னத் திருகு இருக்கும். அதைத் தொடாமல் விட்டால் போதும். சுலைமான் தேடி வருவார்.

கூடத்தில் பரந்தாமன் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். “எங்க மாமா ரெண்டு வருசமா ஒரு டிபன் டப்பாவ வச்சிகினு வெளாடிகினு இருந்தாரு. ஒண்ணும் வேலைக்கு ஆவல. ஃபேக்டரி ஆளுன்னு பேரு.”

யாரோ சிரித்தார்கள். சாவு வீட்டில் சிரிக்கிற மாதிரி, மூக்கால்.

“குடுங்க” என்றாள் பத்மா.

அப்பாவின் சின்ன ஸ்க்ரூடிரைவர் உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு பாரிவாக்கம் ரோட்டின் இரைச்சலை ஏற்றினாள். இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம். திருகு விரலுக்குள் மெல்லத் திரும்பியது. இங்கே என்று நிறுத்தினாள். ஓட்டிப் பார்க்க வழியில்லை. மூடியை அழுத்தி மூடி நீட்டினாள்.

சுலைமான் டப்பாவை வாங்கிக்கொண்டு அவளையே பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். “இன்னும் இன்னா பாய், பாடை வந்துட்ச்சு!” என்று பரந்தாமன் உள்ளே வந்தார். சுலைமான் திரும்பி நடந்தார்.

பத்மா தெருப்பக்கத்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். வண்டி கிளம்பியது. தண்ணீர்த் தொட்டியைத் தாண்டும்போது இரண்டாவது தானாக விழுந்தது. தெரு நேரானது. இரைச்சல் ஏறியது. இன்னும் ஏறியது. அவள் கட்டைவிரல் கம்பியின்மேல் அழுந்தியது.

வாசலில் மேளம் ஆரம்பித்தது.

அதற்குப்பின் வேறெதுவும் காதில் விழவில்லை. தெருக்கோடியில் காரின் சிவப்பு விளக்கு ஒருமுறை எரிந்து அணைந்தது. சுலைமான் வண்டியை நிறுத்தாமல் பூந்தமல்லி ரோட்டுப் பக்கம் திரும்பிப் போய்விட்டார்.