எஸ் வண்டியும் நாலு ஓட்டைத் தகடும்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை சமூக அக்கறையில் பிறந்ததல்ல. சைக்கிளுக்குப் பழைய கைப்பிடி ஒன்று தேடி, போன வாரம் பேகம்பூரில் ஓர் இரும்புக் கடைக்குப் போனேன். கைப்பிடி கிடைக்கவில்லை. குவியலுக்கு அடியில் ஒரே கம்பியில் கோத்த இரண்டு சாமான்கள் கிடைத்தன. ஒன்று, முலாம் உரிந்த 'எஸ்' என்ற ஆங்கில எழுத்து, உள்ளங்கை அகலம். மற்றது ஒரு செம்புத் தகடு. அதில் வரிசையாக நாலு பெரிய ஓட்டை, ஓரமெல்லாம் பொடி ஓட்டை.

"என்ன பாய் இது?"

"ஏதோ கார்ல வந்தது. எழுத்து வெளிய இருந்திருக்கும், தகடு உள்ள இருந்திருக்கும். எடுத்துட்டுப் போங்க, வீட்ல காயிதம் பறக்காம வைக்க ஆகும்."

இப்போது 1968. இரண்டும் என் மேசைமேல் இருக்கின்றன. எனக்குத் தெரிந்த உண்மை இவ்வளவுதான். இனி வருவது முழுக்க நான் கட்டியது. கார்க் கம்பெனியின் பெயர்கூட நான் வைத்ததுதான், ஆகவே யாரும் இங்கிலாந்துக்குக் கடிதம் எழுத வேண்டாம்.

2

தொடக்கங்கள்:

"மலைக்கோட்டைப் பாறையின்மீது அந்தி வெயில் செம்பொன்னாய் உருகி" (வேண்டாம். அந்தப் பாறைமேல் வெயில் தினமும்தான் விழுகிறது. அதற்காகத் தினமும் ஒரு கதையா?)

"அந்தச் சிவப்புக் காரைக் கண்ட கணத்திலேயே அவள்" (எவள்? இந்தக் கதையில் காரைப் பார்த்து மயங்கும் பெண் கிடையாது. பத்திரிகை ஆசிரியர் வற்புறுத்தினால் யோசிக்கலாம்.)

"வேகம் என்பது நவீன மனிதனின்" (இதை முடிக்க எனக்கே கூச்சமாக இருக்கிறது.)

1959-ல் புகையிலை மண்டி நாச்சிமுத்து ஒரு காரை வாங்கினார்.

இது போதும்.

3

கார் என்றால் சும்மா கார் இல்லை. வெல்பரோ. இரண்டே பேர் உட்காரலாம், மேலே கூரை கிடையாது, வயிறு தரையிலிருந்து ஒரு சாண் உயரம். கொடைக்கானலிலிருந்து ஊருக்குக் கப்பலேறிய வெள்ளைக்காரர் ஒருவர், கப்பலில் ஏற்ற மனமில்லாமலோ என்னவோ, நாச்சிமுத்து தலையில் கட்டிவிட்டுப் போனார்.

இங்கே கொஞ்சம் பாடம் நடத்த வேண்டியிருக்கிறது. வெல்பரோவில் மூன்று ரகம். முதலாவது வெறும் வெல்பரோ. அதே உடம்பு, அதே விளக்கு, அதே இருக்கை, ஆனால் உள்ளே முறுக்கேற்றிய எஞ்சின் என்றால் வெல்பரோ எஸ். அதையும் முறுக்கினால் சூப்பர் எஸ். வெளியே நின்று பார்க்கிறவனுக்கு வித்தியாசம் தெரியாது என்பதால் மூக்கில் ஓர் எழுத்தைக் குத்தி அனுப்புவார்கள். ராவ் சாகிப், ராவ் பகதூர், திவான் பகதூர் என்று ஒரே தொப்பைக்கு மூன்று பட்டம் கொடுத்த தேசத்துக் கம்பெனி, வேறென்ன செய்யும்?

நாச்சிமுத்துவின் அப்பா ராவ் சாகிப். மகன் தலையெடுப்பதற்குள் வெள்ளைக்காரன் பட்டம் கொடுக்கிற கடையைச் சாத்திவிட்டான். ஆகவே மகன் எழுத்தைக் காரில் வாங்கினார்.

(நாச்சிமுத்துவை இவ்வளவு சுலபமாக அடிப்பது நியாயமா என்று ஒரு சந்தேகம் வருகிறது. அவருக்கு ஒரு நல்ல குணம் கொடுத்துப் பார்க்கிறேன்: மண்டியில் யாருக்கும் எடையில் குறை வைக்கமாட்டார். சரி, கொடுத்தாயிற்று. மேலே போவோம்.)

4

கதை அவருடையது அல்ல, மைதீன் பிச்சையுடையது. பழனி ரோட்டில் ஓலைக் கொட்டகை போட்டு லாரி ரிப்பேர் பார்க்கிறவன். கொட்டகை நிற்கும் இடம் நாச்சிமுத்துவுடையது. எட்டு வருஷமாகக் காகிதம் ஏதும் இல்லாமல், வாய்வார்த்தையில் நிற்கிறது. எஞ்சினைக் காதால் பார்க்கிறவன் என்று லாரிக்காரர்களிடம் பேர். எஞ்சின் விஷயத்தில் பொய் சொல்லமாட்டான் என்று இன்னொரு பேர். இரண்டாவதுதான் அவனுக்குத் தொல்லை.

வந்த மூன்றாம் நாளே வண்டி கொட்டகைக்கு வந்தது. மேட்டில் ஏறும்போது உள்ளே யாரோ சுத்தியலால் தட்டுகிற மாதிரி சத்தம். மைதீன் பிச்சை காதை வைத்துக் கேட்டான்.

"மொதலாளி, வண்டி சுத்தமாத்தான் இருக்கு. பெட்ரோல்தான் சேரல. இது உசந்த பெட்ரோல் குடிக்கிற எஞ்சினு. நம்ம பங்க்ல வாரது இதுக்குத் தாங்காது. இப்படியே அழுத்தி ஓட்டினா ஒருநா பிஸ்டன்ல ஓட்டை விழுந்துரும்."

"என்ற வண்டிக்குப் பெட்ரோல் செமிக்கலையா? எஸ் வண்டியப்பா. சீக்காளியா அது?"

"சீக்கு இல்ல மொதலாளி. ஒரு செம்புத் தகடு வெட்டி, எஞ்சின் மேல்மூடி இருக்குல்ல, ஹெட்டு, அதுக்கு அடியில குடுத்துட்டா எஞ்சின் முறுக்கு கொஞ்சம் தளரும். பெட்ரோல் ஒத்துக்கும். வண்டி பொழைச்சுக்கும்."

"தளர்ந்தா?"

"சாதா வண்டி கணக்கா ஓடும்."

நாச்சிமுத்து காரின் மூக்கைத் தடவினார். எழுத்தின் மேல் ஒரு தூசி. துண்டால் துடைத்தார்.

"நல்லாக் கேட்டுக்கப்பா. இதுக்குள்ள ஒரு ஆணிய மாத்துனேன்னு தெரிஞ்சாலும் சரி, இது உன்ற கையில படுத்துட்டாலும் சரி, மறுநாளே கொட்டாயப் பிரிச்சுப்போட்டு அந்த எடத்துல சோளம் காயப்போடுவேன். சொல்லிப்போட்டேன்."

தொட்டாலும் போச்சு, தொடாவிட்டாலும் போச்சு. இனி இந்தக் கதையில் பணயம் இந்தக் கொட்டகை. எழுத்துக்கும் வேகத்துக்கும் அல்ல, இந்த ஓலைக்குத்தான் நான் கவலைப்படுகிறேன். நீங்களும் அப்படியே படும்படி கேட்டுக்கொள்கிறேன்.

5

அடுத்த வாரமே கிளப்பில் சண்டை. சண்டை என்றால் பெரிய மனிதர்கள் சண்டை, அதாவது இருவரும் சிரித்துக்கொண்டே இருந்தார்கள். எதிராளி மரியசெல்வம். சிறுமலையில் வாழைத்தோட்டம். அவரிடமும் ஒரு வெல்பரோ, எழுத்தில்லாத சாதா. மலையில் அதற்கு ரோடு கிடையாது. வாழைத்தார் சுமக்கும் குதிரைகளோடு இறங்கி வந்து, அடிவாரத்தில் துணியை உதறிக்கொண்டு காரில் ஏறுவார்.

நாச்சிமுத்து சொன்னார்: "சாதா வெல்பரோங்கறது கட்ட வண்டிக்கு மீசை வெச்ச மாதிரிதானுங்க."

மரியசெல்வம் காப்பியை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "அப்பச் செத்த ஓட்டிப் பாத்துருவமாண்ணே. கரூர் ரோட்டுல, வேடசந்தூர் வரைக்கும்."

வருகிற ஞாயிறு காலை என்று முடிவானது. மெக்கானிக் பக்கத்தில் உட்கார்ந்து வரவேண்டும் என்று நாச்சிமுத்து உத்தரவு. சாவதானால் துணைக்கு ஒரு ஆள் வேண்டும் போலிருக்கிறது.

மத்தியானம் சாப்பாட்டில் மைதீன் பிச்சை சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். மனைவி உம்மு சல்மா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"வெஞ்சனம் புடிக்கலையா, மொதலாளி புடிக்கலையா?"

சொன்னான். பன்னிரண்டு மைல் அழுத்தினால் பிஸ்டன் தாங்காது. தகடு வைத்தால் தாங்கும், ஆனால் வண்டி முன்னைப்போலச் சீறாது, தெரிந்துபோகும்.

"அவருக்கு எப்படிங்க தெரியும்?"

"சத்தம் கொறஞ்சுரும்ல."

"அவரு ஓட்டுறத நான் பாத்துருக்கேன். ஸ்டீரிங்க சந்தையில முரட்டு மாட்டப் புடிச்ச மாதிரி புடிச்சிருக்காரு. வேகம் எம்புட்டுன்னு அவரு எங்க கண்டாரு? அவருக்கு வேணும்ங்கிறது சத்தம். சத்தத்தக் குடுங்க."

(உம்மு சல்மாவை இதற்குமேல் பேசவிடவில்லை. விட்டால் கதையை அவளே முடித்துவிடுவாள், எனக்கு வேலை இருக்காது.)

பூட்டுப் பட்டறையில் தகடு வெட்டச் சொன்னான். எதற்கு என்று அவர்கள் கேட்கவில்லை. பூட்டு செய்கிறவர்களுக்கு அந்த மரியாதை உண்டு. சனிக்கிழமை பகலில் கொட்டகைக் கதவைச் சாத்திக்கொண்டு ஹெட்டைக் கழற்றித் தகட்டை வைத்து மூடினான். பிறகு மண்ணெண்ணெய் டின்னில் ஒரு நீளத் துண்டு வெட்டி, சைலன்சர் குழாயின் வாய்க்குள் ஒற்றைப் போல்ட்டில் தொங்கவிட்டான். எஞ்சினைக் கிளப்பினான். தகரம் அதிர்ந்து, பத்து லாரி சேர்ந்து தும்முகிற சத்தம்.

சாயங்காலம் நாச்சிமுத்து வந்து கேட்டார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"இப்பத்தானப்பா எஸ்ஸு."

மைதீன் பிச்சை ஒன்றும் சொல்லவில்லை. பொய் சொல்லமாட்டான் என்று சொன்னேனே தவிர, வாயைத் திறந்தே ஆகவேண்டும் என்று நான் சொல்லவில்லை.

6

பந்தயம். இதை எழுதத்தான் எனக்குப் பயம். வேகத்தை எழுதுவதற்கு எழுத்தாளர்கள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: வாக்கியத்தைச் சின்னதாக்குவார்கள். வண்டி பறந்தது. காற்று அறைந்தது. மரங்கள் ஓடின.

எந்த மரமும் ஓடவில்லை. மைதீன் பிச்சை மீட்டரைப் பார்த்தான். மணிக்கு முப்பத்தெட்டு மைல். நாச்சிமுத்து ரோட்டைவிட்டுக் கண்ணை எடுக்காமல், சத்தத்தை மீறிக் கத்தினார்.

"எம்புட்டுப் போகுது?"

"முள்ளு நடுங்குது மொதலாளி."

அது உண்மை. ரோடு அப்படி.

நாலாவது மைலில் மரியசெல்வத்தின் சாதா வண்டி பக்கவாட்டில் வந்தது. சுலபமாக வந்தது. மைதீன் பிச்சை மனசுக்குள் கணக்குப் போட்டான். இதோ போய்விடுவார், பிறகு "ஏன் தோத்துச்சு, தெறந்து பாரு" என்பார் மொதலாளி, திறந்தால் தகடு.

மரியசெல்வம் திரும்பிப் பார்த்தார். எழுத்தைப் பார்த்தார். சத்தத்தைக் கேட்டார். அந்தச் சத்தத்துக்குள் இன்னும் எத்தனை வேகம் மிச்சமிருக்கிறதோ என்று அவர் முகத்தில் ஓடியது. மெதுவாகப் பின்னால் போய்விட்டார்.

அடிக்குறிப்பு: நம் ஊரில் பெரிய மனிதர் நடந்துபோனால் யாரும் தாண்டிப் போவதில்லை. அவர் எவ்வளவு மெதுவாக நடந்தாலும், பின்னால் ஒரு கூட்டமே அதே மெதுவில் நடக்கும். அதற்கு மரியாதை என்று பேர். பெட்ரோல் ஊற்றி ஓட்டுகிறபோதும் அந்தப் பழக்கம் போகவில்லை.

7

வேடசந்தூருக்கு மூன்று மைல் இருக்கும்போது ரோட்டையடைத்துக் கொள்ளுச்செடி பரப்பியிருந்தது. போகிற வண்டிகள் மிதித்தால் காய் உதிரும். களத்துக்கும் மாட்டுக்கும் செலவில்லை. பரப்பியவள் பேச்சாயி, ஓரத்தில் துரட்டியோடு நின்றிருந்தாள். முன்னவர் வேகத்தைக் குறைக்கவில்லை, பின்னவரும் குறைக்கவில்லை. இரண்டு வெல்பரோவும் ஒரு சாண் உயர வயிற்றோடு செடிக்குள் புகுந்தன.

புகுந்தவை வெளியே வரவில்லை. செடி அச்சில் சுற்றிக்கொண்டது. சூடான குழாயில் சருகு பட்டுப் புகை கிளம்பியது. மைதீன் பிச்சை குதித்துக் கீழே படுத்து, கையால் பிய்த்துப் பிய்த்துப் போட்டான்.

பேச்சாயி இரண்டு வண்டியையும் சுற்றி வந்தாள்.

"ஏய்யா, இன்னும் ரெண்டு தடவ முன்ன பின்ன போயிட்டு வாங்களேன். பாதிக்கு மேல உதிரலையே."

நாச்சிமுத்து நிமிர்ந்தார். "இது என்ன வண்டின்னு தெரியுமா ஆத்தா? நூறு குதிரை சக்தி."

"நூறா? இருக்கட்டும் அப்பு. கொள்ளத் தின்னுப்புடாமப் பாத்துக்கங்க. காலையில நத்தத்து லாரி ஒண்ணு வந்துச்சு, ஒரே மிதி, அம்புட்டும் உதிர்ந்துருச்சு. இது என்னடான்னா பூனை படுத்து எந்திரிச்ச மாதிரி இருக்கு."

மரியசெல்வம் சிரிப்பை இருமலாக்கிக்கொண்டார்.

நாச்சிமுத்து ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். எஞ்சின் ஓடியது. சத்தம் இல்லை. சாதுவாக, பாலைக் கொதிக்கவிட்ட மாதிரி ஓடியது. அவர் முகம் மாறியது.

"என்னப்பா? எங்க போச்சு சத்தம்?"

மைதீன் பிச்சை வண்டிக்கு அடியிலிருந்து தலையை நீட்டினான். சருகுக் குவியலுக்குள்ளிருந்து பேச்சாயி எதையோ எடுத்தாள். நீளமான தகரம். ஒரு முனையில் போல்ட், மறுமுனையில் பாதி அழிந்த மண்ணெண்ணெய்க் கம்பெனி முத்திரை.

"இது யாரு வண்டியில இருந்து விழுந்துச்சு?" என்று கேட்டாள்.

8

இங்கே நிறுத்தியிருக்கிறேன். முடிவுகள் கைவசம் இருக்கின்றன.

வாரப் பத்திரிகை முடிவு: நாச்சிமுத்து தகரத்தை வாங்கிப் பார்த்து மனம் திருந்தி, கொட்டகை இடத்தை மைதீன் பிச்சைக்கே எழுதிக்கொடுக்கிறார். (எடையில் குறை வைக்காதவர் என்றுதான் சொன்னேன். இடம் கொடுப்பவர் என்று சொல்லவில்லை.)

முற்போக்கு முடிவு: மைதீன் பிச்சை எழுந்து நின்று உழைப்பைப் பற்றி இரண்டு பக்கம் பேசுகிறான். (நிற்கிற இடமே அடுத்தவனுடையது என்று தெரிந்தவன் அவ்வளவு நேரம் பேசமாட்டான்.)

மூன்றாவது: பேச்சாயி தகரத்தைத் தன் மடியில் செருகிக்கொள்கிறாள்; வீட்டில் கூரை ஒழுகுகிறது. எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது. ஆனால் எனக்குப் பிடித்தது என்பதாலேயே இதை நம்ப முடியவில்லை. போதாததற்கு, என் மேசைமேல் அந்தச் செம்புத் தகடு கிடக்கிறது. அது எஞ்சினுக்குள் இல்லை. யாரோ ஹெட்டைக் கழற்றித் தகட்டை வெளியே எடுத்திருக்கிறார்கள். அன்றைக்கே, அந்த ரோட்டிலிருந்து வண்டியைக் கட்டி இழுத்துப் போய் எடுத்தார்களா, அல்லது எட்டு ஒன்பது வருஷம் நிம்மதியாக ஓடிமுடித்து, வண்டியைப் பிரித்து இரும்புக்குப் போடும்போது எடுத்தார்களா? தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். ஓட்டைகளைச் சுற்றிக் கரி படிந்திருக்கிறது. எத்தனை நாள் கரி என்று காதால் எஞ்சினைப் பார்க்கிறவன் சொல்லுவான். எனக்குத் தெரியாது.

பழனி ரோடு என் வீட்டிலிருந்து பத்து நிமிஷ நடை. நான் கற்பனை செய்த ஆள் என்பதற்காக அவன் அங்கே இருக்கக்கூடாது என்று சட்டம் ஏதும் இல்லை. நான் போகமாட்டேன், எனக்கு அவ்வளவு தைரியம் போதாது. நீங்கள் அந்தப் பக்கம் போனால் கொட்டகை இடத்தில் செத்த நேரம் நின்று பாருங்கள்.

லாரி நின்றால் ஒன்று. சோளம் காய்ந்தால் ஒன்று.