அண்ணன் இருக்கக் காப்பீடு எதற்கு?

தடாலென்று வாசலில் ஏதோ விழுந்தது. தையல்காரி மிஷினை நிறுத்திவிட்டு ஓடினாள். படியில் ஓர் இரும்பு பீரோ மல்லாந்து கிடந்தது. தூக்கிவந்த இரண்டு ஆட்கள் மூச்சு வாங்கினார்கள்.

"எந்த ரூம்ல வெக்கணும்?"

"வீடு மாறி வந்துட்டீங்க."

"மாறலம்மா," என்றபடி கண்ணாடி போட்ட பெண்மணி ஒருத்தி முன்னால் வந்தாள். "உங்களுக்கு வித்தாரே மருந்துக்கடைக்காரர், அவரோட தங்கச்சி நான். எங்கப்பா கட்டின வீடு. பாதி என்னோடது. நான் கையெழுத்தே போடலையே, எப்படி வாங்கினீங்க?"

பதிலுக்குக் காத்திராமல் உள்ளே போனாள். சற்றுத் தூக்கித் தள்ளினால்தான் திறக்கும் பின்கதவை ஒரே தள்ளில் திறந்தாள். இங்கேயே வளர்ந்தவளுக்குத்தான் அது வரும்.

வாங்கும்போதே டிரைவர் புருஷன் தலைபாடாக அடித்துக்கொண்டான். பின்னால் யாராவது உரிமை கோரினால் நஷ்டத்தைக் கட்டித் தரும் காப்பீடு இருக்கிறது, எடுத்துவிடலாம் என்றான். அவள் விடவில்லை.

"கூடப் பிறந்தவன் வக்கீலா இருக்கறப்ப ஊரான் கம்பெனிக்கு எதுக்கு அழணும்?"

அண்ணனும் அப்படித்தான் சொன்னான். விற்பவருக்கு உடன்பிறப்பே இல்லையாம், அவனே விசாரித்துவிட்டானாம். அதற்கும் மேலே ஒரு பாதுகாப்பு: வீட்டு விலையில் கால்பங்கு ஒரு வருஷம் அவன் கையில் இருக்கும். அதற்குள் வில்லங்கம் வந்தால் பணம் தங்கைக்கு, வராவிட்டால் விற்றவருக்கு.

"உங்கண்ணன் ஓட்டுற வண்டிக்கு பிரேக் இருக்கான்னு பாத்துக்க," என்றான் புருஷன். அந்த ஒரு வார்த்தைக்காக ஒரு வாரம் அவனிடம் அவள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இப்போது போன் போட்டதும் புருஷன் வண்டியைப் பாதியில் விட்டுவிட்டு வந்தான். அண்ணனும் பறந்து வந்தான். கூடத்தில் நின்று கேட்டுவிட்டு நெற்றியில் அறைந்துகொண்டான்.

"அடக் கடவுளே! முந்தாநாளோட வருஷம் முடிஞ்சுதே. நேத்துதானே பணத்தை அந்த ஆள்கிட்ட கொடுத்தேன்!"

"ஒரு நாள் பொறுத்திருக்கக் கூடாதா மச்சான்?" என்றான் டிரைவர். "பாதி வீடும் போச்சு, பணமும் போச்சு."

தையல்காரி சீறினாள். "எங்கண்ணன் என்ன ஜோசியக்காரனா, நாளைக்கு வருவாங்கன்னு தெரிஞ்சுக்க? பேச்சுப்படி நடந்தான், அது தப்பா? வாங்கிக் கொடுத்தவன் மேலயே பழி போடறீங்களே, நாக்குல நரம்பில்லாம!"

"விடு பாப்பா. அவர் வேதனை அவருக்கு," என்றான் அண்ணன் பெருந்தன்மையாக. அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவனுக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். இந்த வீடு போனாலும் அண்ணன் இருக்கிறான்.

பின்னறையை அளந்து முடித்த பெண்மணி டேப்பைச் சுருட்டிக்கொண்டே கூடத்துக்கு வந்தாள். வக்கீலைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது.

"அட, நீங்களே வந்துட்டீங்களா சார்? போன மாசமே வர்றேன்னப்ப, வருஷம் முடியட்டும் பொறுங்கன்னீங்களே, இப்ப வந்தது சரிதானே?"