லிஃப்ட் டாக்டரின் இயர்பட்

லிஃப்ட் பழுது பார்க்கும் அந்தக் கம்பெனியில் அவருக்கு டாக்டர் என்று பெயர். மூடிய கதவில் காதை வைத்து, ஒரு மாடி மேலே ஒரு மாடி கீழே ஓடவிட்டால் போதும், எந்த உருளை தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். இருபத்திரண்டு வருஷமாக அந்தக் காதை நம்பித்தான் பிழைப்பு. இப்போது இரண்டு வருஷமாக அந்தக் காதே அவரைக் கைவிட்டுக்கொண்டிருந்தது. இடது காது அடியோடு போய்விட்டது. வலது காது, வருவேன் வரமாட்டேன் என்று கண்ணாமூச்சி ஆடியது.

யாரிடமும் அவர் மூச்சு விடவில்லை. சொன்னால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியாதா? காது கேட்காதவனைக் கம்பெனி லிஃப்ட் கூண்டின் மேல் ஏற்றாது. ஸ்டோரில் உட்காரவைத்து நட்டு போல்ட்டுக்குச் சீட்டு எழுதச் சொல்லும். போகிறவர் வருகிறவர் எல்லாம் எட்டிப் பார்த்து அய்யோ பாவம் என்பார்கள். அந்த அய்யோ பாவத்தை நினைத்தாலே அவருக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

ஆனால் மறைப்பது லேசான காரியமா? யார் வாயைத் திறந்தாலும் உதட்டையே பார்க்க வேண்டும். எங்கே நின்றாலும் எல்லோரும் வலது பக்கம் வருகிற மாதிரி சுவரோரமாக இடம் பிடிக்க வேண்டும். மற்றவர்கள் சிரித்தால் அரை நொடி கழித்துத் தானும் சிரித்துவைக்க வேண்டும். மேனேஜர் போனில் என்ன சொன்னாலும் ‘சரி சார்’ என்று வைத்துவிட்டு, பிறகு யாரையாவது தாஜா பண்ணி விஷயத்தைக் கறக்க வேண்டும். மீதிக்கெல்லாம் தலையாட்டல்தான். ஒருமுறை பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன எதற்கோ தலையாட்டிவைத்தார். மறுநாள் காலை அவருடைய சோபாவைத் தூக்கிக்கொண்டு நான்கு மாடி ஏறும்போதுதான் எதற்கு ஒப்புக்கொண்டோம் என்று புரிந்தது. தூக்கத்தில்கூட அவர் மனம் யாரோ கூப்பிடுகிறார்களோ என்று அலைந்துகொண்டே இருந்தது.

பஸ்ஸில் போகும்போதுதான் அவருக்கு அந்த யோசனை உதித்தது. காதில் இயர்பட் மாட்டியிருந்த ஒரு பெண்ணை கண்டக்டர் டிக்கெட் கேட்டுத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டார். அவள் அசையவில்லை. பஸ்ஸில் இருந்த அத்தனை முகமும் கடுகடுத்தது. ஆனால் அவளுக்குக் காது கேட்காது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. திமிர் பிடித்தவள் என்றுதான் நினைத்தார்கள். அந்தப் பெயர் எவ்வளவோ தேவலை என்று அவருக்குப் பட்டது.

அன்றைக்கே செல்போன் கடையில் போய் நின்றார். இருப்பதிலேயே விலை குறைந்ததாக வேண்டும், ஆனால் மாட்டினால் பளிச்சென்று வெளியே தெரிய வேண்டும் என்றார். இப்படியும் ஒரு ஆளா என்று பார்த்துவிட்டுக் கடைக்காரப் பெண் ஒன்றை எடுத்துவைத்தாள். காதின் மேல் கொக்கிபோல் மாட்டிக்கொள்வது. கறுப்பாக, எடுப்பாக இருந்தது. அவள் குனிந்து பை தேடியபடியே இரண்டு நிமிஷம் அதைப் பற்றி எதையோ விளக்கினாள். குனிந்திருந்ததால் உதடு தெரியவில்லை. அவர் வழக்கம்போலத் தலையாட்டிவிட்டு வாங்கிக்கொண்டு வந்தார்.

அதற்கு அவர் ஒரு நாளும் சார்ஜ் போட்டதில்லை, போனோடு இணைத்ததும் இல்லை. காலையில் பல் தேய்த்ததும் மாட்டுவார், படுக்கும்போது கழற்றுவார். இந்த வயதில் என்ன பாட்டு வேண்டிக்கிடக்கிறது என்று மனைவி கரித்துக்கொட்டினாள். பிறகு சலித்துப்போய், முன்னால் வந்து நின்று கையை ஆட்டிப் பேசப் பழகிவிட்டாள். அவருக்கு வேண்டியதும் அதுதானே. முகம் தெரிந்தால் பாதிப் பேச்சு புரிந்துவிடும்.

லிஃப்ட் ஓடும் குழியில் மட்டும் யாருடைய முகமும் தெரியாது. அங்கே அவருக்கு ஜோடி, மனைவியின் தம்பி. அவர் கூண்டின் மேல் பொத்தான்களோடு நிற்பார், மச்சான் அடிப் பள்ளத்தில் நிற்பான். மேலே இருப்பவர் ‘இறக்குறேன்’ என்று குரல் கொடுக்க வேண்டும். கீழே இருப்பவன் ‘இறக்கு’ என்று பதில் சொல்ல வேண்டும். பதில் வராமல் விரல் அசையக் கூடாது. ஒரு மாதமாக அந்தப் பதில் அவருக்கு எட்டவில்லை. அவர் குரல் கொடுப்பார், மனதுக்குள் மூன்று எண்ணுவார், அழுத்துவார். ஒவ்வொரு தடவையும் இதுதான் கடைசி என்று சொல்லிக்கொள்வார். ஒன்றும் ஆகவில்லை என்றதும், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றும்.

அந்த நாளும் வந்தது. பத்து மாடி அலுவலகம் ஒன்றில் வேலை. ‘இறக்குறேன்’ என்றார், மூன்று எண்ணினார், அழுத்தினார். இறங்கிய கூண்டு திடீரென்று குலுங்கி நின்றது. அவர் நிறுத்தவில்லை. கீழே பள்ளத்துச் சுவரில் இருக்கும் சிவப்புப் பொத்தானை யாரோ அடித்தால்தான் அப்படி நிற்கும். கதவைத் தள்ளித் திறந்து முதல் மாடியில் குதித்து, படியில் விழுந்தடித்து ஓடினார்.

மச்சான் கூண்டுக்கடியில் இருந்த இடுக்கு வழியாக ஊர்ந்து வெளியே வந்து தரையில் உட்கார்ந்திருந்தான். முட்டி சிராய்த்திருந்தது, வேறு காயம் இல்லை. விழுந்த ஸ்பானரை எடுக்கக் குனிந்தவன், இருங்க இருங்க என்று தொண்டை கிழியக் கத்தியிருக்கிறான். கூண்டு தலைக்கு மேல் ஒரு முழத்தில் இருக்கும்போதுதான் அவன் கை அந்தப் பொத்தானுக்கு எட்டியிருக்கிறது.

“பாட்டு கேட்டுட்டு இருந்துட்டேன் மாப்ள. என் தப்புதான்,” என்றார்.

அவன் எழுந்து வந்தான். அவர் காதிலிருந்து அதைக் கழற்றித் தன் காதில் மாட்டினான். தலையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தான். அடிப்பான் என்று எதிர்பார்த்தார். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பிறகு அவன் அவர் முகத்துக்கு நேராக வந்து மெதுவாகச் சொன்னான்:

“என் வீட்டுக்காரி இதத்தான் மாட்டிக்கிட்டு கத கேட்டுக்கிட்டே சமைக்கிறா. உள் ரூம்ல பாப்பா சிணுங்கினாலும் ஓடுறா. இது காத அடைக்காது மாமா. வெளிச் சத்தம் கேக்கணும்னுதான் இதையே செஞ்சிருக்காங்க.”

கடைக்காரப் பெண் குனிந்துகொண்டே இரண்டு நிமிஷம் சொன்னது இதைத்தான். டாக்டருக்கு அவமானத்தில் காது மடல் சுட்டது.

“எத்தன நாளா?” என்று கேட்டான். அவர் இரண்டு விரலைக் காட்டி, வருஷம் என்றார்.

அவன் கூண்டைப் பார்த்துவிட்டு மறுபடி அவர் முகத்துக்கு நேராகத் திரும்பினான். யாருக்கும் தெரிய வேண்டாம், அக்காவிடமும் சொல்ல மாட்டேன், இனிமேல் கீழேயிருந்து டார்ச் அடித்துக் காட்டுகிறேன் என்றான். அவருக்கு ஆசையாகத்தான் இருந்தது. சரி என்று தலையாட்டினால் போதும், நாளைக்கும் அவர் டாக்டர்தான். தலை பாதி அசைந்தும் விட்டது. அப்போதுதான் அவன் ஸ்பானரைப் பெட்டியில் வைக்கப் போனான். இரண்டு தடவை அதை நழுவவிட்டான்.

டாக்டர் போனை எடுத்தார். மேனேஜரின் நம்பரை அழுத்தி, மணி அடிக்கிறதா இல்லையா என்று தெரியாமல், திரையில் நொடிகள் ஓடத் தொடங்கும்வரை பார்த்துக்கொண்டே நின்றார்.

“சார், எனக்குக் காது கேக்காது. ரெண்டு வருஷமாச்சு. இன்னைக்கு ஒரு உயிரு போகப் பாத்துச்சு.”

மறுமுனையில் ஏதோ இரைந்தது. ‘சரி சார்’ என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதை விழுங்கிவிட்டுப் போனை மச்சானிடம் நீட்டினார்.

“என்ன சொல்றார்னு எனக்குக் கேக்கல மாப்ள. நீ கேட்டுச் சொல்லு.”