யாருடைய சளி?

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றியதல்ல, சுகாதார அலுவலகம் கேட்டு வாங்குவது. காசநோய் ஒழிப்புத் திட்டத்தின் ஆண்டு மலருக்கு ஒரு 'வெற்றிக் கதை' வேண்டுமாம். ஒரு நோயாளி, ஒரு சிகிச்சை, ஒரு புன்னகை, ஐந்நூறு சொல். சோகம் கொஞ்சமாக இருக்கட்டும் என்று அதிகாரி தொலைபேசியில் கேட்டுக்கொண்டார். விவரம் சொல்ல ஒரு பணியாளரையும் என் வீட்டுக்கு அனுப்பினார்.

(எழுதும்போது நடுநடுவே இருமல் வருகிறது. அது கதையில் சேராது. கண்டுகொள்ளாதீர்கள்.)

2

முதல் தொடக்கம்: 'காலைச் சூரியன் அந்த எளிய குடிசையின் மேல் தன் பொற்கதிர்களை...'

வேண்டாம். கதாநாயகன் ஒரு டிரைவர், குடியிருப்பது இரண்டாம் மாடியில்.

இரண்டாம் தொடக்கம்: பள்ளி வேன் டிரைவருக்கு ஒரு மாதமாக இருமல். வீடு வீடாக வந்து விசாரிக்கும் அந்தப் பணியாளரைத் தெருவே மாத்திரை அக்கா என்றுதான் கூப்பிடும். அக்கா ஒரு மூடி போட்ட டப்பாவைக் கொடுத்து, காலையில் எழுந்ததும் ஆழமாக இருமி, எச்சிலாக இல்லாமல் சளியாகத் துப்பி வைக்கச் சொன்னார். டப்பாவில் டிரைவரின் பெயர் ஒட்டியிருந்தது. நோய் என்று தெரிந்தால் யார் பிள்ளைகளை அவர் வேனில் ஏற்றுவார்கள்? டிரைவர் டப்பாவைக் கீழ்வீட்டு மைத்துனரிடம் நீட்டினார். மைத்துனர் முடிதிருத்தும் கடை வைத்திருப்பவர், நோய் நொடி என்று ஒருநாள் படுத்ததில்லை. இரண்டே இருமலில் டப்பாவைப் பாதி நிரப்பிக் கொடுத்துவிட்டார்.

இந்த இடத்தில் டிரைவர் கொஞ்சம் யோசித்திருக்கலாம். நானும் யோசிக்கவில்லை. அக்கா சொல்லச் சொல்லச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

3

முடிவு வந்தது. டிரைவருக்குக் காசநோய் உறுதி.

இதற்குமேல் இந்த டிரைவர் என் கைக்கு அடங்கவில்லை. உண்மையைச் சொன்னால் மானம் போகும். சொல்லாவிட்டால் மைத்துனர் உயிர் போகும். அவர் இடத்தில் நானாக இருந்தால்... [இந்த வாக்கியத்தை இப்படியே விடுகிறேன்.]

அவர் மூன்றாவதாக ஒரு வழி கண்டுபிடித்தார். அக்கா தினமும் காலையில் வந்து, எதிரிலேயே நின்று மாத்திரையை விழுங்கச் சொல்வார். டிரைவர் அதைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு தண்ணீர் குடிப்பார். அக்கா தெரு திரும்பியதும் கீழே ஓடி மைத்துனர் கையில் துப்புவார். பாசம்தான், சந்தேகமில்லை. கொஞ்சம் ஈரமான பாசம்.

4

அந்த மாத்திரை சிறுநீரைச் சிவப்பாக்கும். பயப்பட வேண்டாம் என்று அக்கா முதல் நாளே டிரைவரிடம் சொல்லியிருந்தார். மைத்துனரிடம் அதைச் சொல்ல டிரைவர் மறந்துபோனார். நான்காம் நாள் மைத்துனர், பாதி முகம் மழித்த ஆளை நாற்காலியிலேயே விட்டுவிட்டு வந்து, அக்காவைத் தெருமுனையில் மறித்தார்.

"அக்கா, யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. எனக்கு ரத்தமா போகுது."

அக்கா அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"யாரோட மாத்திரைய முழுங்குனீங்க?"

5

முடிவு ஒன்று (அதிகாரிக்குப் பிடித்தது): டிரைவர் கண்ணீர் மல்க உண்மையை ஒப்புக்கொள்ள, சுற்றி நின்றவர்கள் கைதட்ட...

முடிவு இரண்டு (நடந்தது): இருவரையும் மறுபடி சோதித்தார்கள். டிரைவருக்கு ஒன்றுமில்லை, வெறும் தூசி இருமல். மைத்துனருக்குத்தான் நோய். இப்போது அவர் பெயரிலேயே மாத்திரை வருகிறது. விடாமல் சாப்பிட்டால் குணமாகிவிடும். அதிகாரிக்கு மட்டும் ஒரு தலைவலி. இந்த நோயாளி எப்படிக் கண்டறியப்பட்டார் என்று படிவத்தில் குறிக்க வேண்டும். வீடுவீடாகத் தேடியதில், முகாமில், தானாக வந்ததில் என்று மூன்று கட்டங்கள் இருக்கின்றன. ஆள்மாறாட்டத்துக்குக் கட்டம் இல்லை.

கதை கிடைத்துவிட்டது, நன்றி என்றேன். அக்கா எழுந்திருக்கவில்லை. நோயாளியின் பக்கத்தில் நெடுநேரம் இருந்தவர்களையும் சோதிப்பது அவர் வேலையாம். மைத்துனரே அதற்கு ஒரு பட்டியல் கொடுத்திருக்கிறார். அதில், முடி வெட்டி முடிந்த பிறகும் எழுந்து போகாமல் ஓசிப் பேப்பர் படிக்கிற வாடிக்கையாளர் ஒருவர் உண்டு. கதை எழுதுகிறவராம்.

"எத்தன நாளா இருமுறீங்க சார்?"

இரண்டு நாள் என்றேன். மூன்று வாரமாகிறது.

6

டப்பா இப்போது இந்தத் தாளுக்குப் பக்கத்தில் இருக்கிறது. என் பெயர் ஒட்டியிருக்கிறது. படியிறங்கும்போது அக்கா திரும்பிப் பார்த்து, "உங்களதா இருக்கட்டும் சார்" என்றார்.

எனக்குப் பயமாக இருக்கிறது. நோய்க்கு மருந்து இருக்கிறது என்று இவ்வளவு நேரம் எழுதியவனே நான்தான். ஆனாலும் பயம் போகவில்லை. நாளைக்கு இந்தத் தெருவில் என் எதிரில் நின்று யார் பேசுவார்கள்?

விடிந்துவிட்டது. அக்கா எட்டு மணிக்கு வருவார். டப்பா காலி. என் மைத்துனர் இரண்டு நாளாக இங்கேதான் தங்கியிருக்கிறார், திடமான மனிதர். கூப்பிட்டேன். துண்டால் முகத்தைத் துடைத்தபடி வந்து நிற்கிறார்.

"என்ன மச்சான்?" என்று கேட்கிறார்.

டிரைவரைப் பார்த்து என்னோடு சேர்ந்து சிரித்தவர்களே, நான் என்ன சொல்லட்டும்?