நீல டப்பா

"பையில விலை உயர்ந்த பொருள் ஏதாவது இருந்ததா மேடம்?" என்று கேட்டுவிட்டு, காணாமல் போன பெட்டிகளுக்கான கவுன்ட்டரில் இருந்தவர் பேனா மூடியைக் கழற்றினார்.

"பல்," என்றாள் அவள்.

"என்னது?"

"பல் செட் சார். ரெண்டு செட். ஒண்ணு பழசு, ஒண்ணு புதுசு. நீல டப்பாவுல இருக்கு."

அவர் படிவத்தை மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தார். நகைக்குக் கட்டம் இருந்தது. கைக்கடிகாரத்துக்கு, கணினிக்கு, கேமராவுக்கு எல்லாம் இருந்தது. பல்லுக்கு இல்லை. "வேற ஏதாவது?" என்று கேட்டார்.

"ஒரு செயின், ஒரு டேப்லெட். அதெல்லாம் போனாப் போகுது. அந்த டப்பா மட்டும் நாலு மணிக்குள்ள வேணும் சார்."

"நாலு மணிக்கு என்ன?"

கைப்பேசியை அவர் பக்கம் திருப்பி வைத்தாள். விமானம் தரையிறங்கியதும் வந்து விழுந்த அண்ணனின் செய்தி அதில் இருந்தது. 'அம்மா காலைல தூக்கத்துலயே போயிட்டாங்க. நாலு மணிக்கு எடுக்கறோம். நேரா வீட்டுக்கு வா.' அவர் படித்தார். படிவத்தின் ஓரத்தில் 'அவசரம்' என்று எழுதி இரண்டு கோடு போட்டார். பாவம், அவரால் முடிந்தது அவ்வளவுதான்.

கைப்பை அது. தலைக்கு மேலே வைத்துக்கொண்டு கண் பார்வையிலேயே கொண்டுவர வேண்டியது. விமானம் ஏறும் வாசலில் ஒரு பெண், "மேலே இடமில்லைங்க, கடைசியா வர்றவங்க பையெல்லாம் கீழே போடறோம், இறங்கினதும் கிடைச்சிடும்" என்று சிரித்த முகமாகப் பட்டையைக் கட்டினாள். இவளும் பாழாய்ப்போன மரியாதைக்காகச் சரி என்றாள். பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டாள், சார்ஜரை எடுத்துக்கொண்டாள். டப்பாவை எடுக்கத் தோன்றவில்லை. சார்ஜரை எடுக்கத் தெரிந்ததே! டாக்ஸியில் வீடு போய்ச் சேரும் வரை அந்தச் சார்ஜரைத்தான் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்குத் தொழிலே பல் கட்டுவது. டாக்டர் இல்லை. டாக்டர்கள் அனுப்புகிற அளவை வைத்துப் பல் செட் செய்துகொடுக்கும் லேப்பில் வேலை. பதினோரு வருடத்தில் எத்தனையோ ஆயிரம் வாய்களுக்குப் பல் அடுக்கியிருக்கிறாள். அத்தனையும் பிளாஸ்டர் வாய்கள். உயிருள்ள வாய்க்குள் அவள் விரல் போனதே இல்லை.

அம்மாவுக்கு முப்பத்தெட்டு வயதிலேயே ஈறு கெட்டு எல்லாப் பல்லும் போய்விட்டது. அன்றிலிருந்து இருபத்தெட்டு வருடம், பல் செட் இல்லாத அம்மாவை ஈ காக்கா பார்த்ததில்லை. பெற்ற பிள்ளைகளுக்கே அந்தப் பாக்கியம் கிடையாது. கழுவுவதும் மாட்டுவதும் தாழ்ப்பாள் போட்ட கதவுக்குப் பின்னால்தான். செட் தேய்ந்து லூசாகி, பேசும்போது 'டக்' என்று ஒரு சத்தம் வரும். அம்மா எந்த அறையில் இருக்கிறாள் என்பது அந்தச் சத்தத்திலேயே தெரியும். அப்பாவுக்கு ஒரு செருமல் உண்டு. படுக்கையறைக் கதவுக்கு முன்னால் நின்று ஒருமுறை செருமிவிட்டு, சற்று நின்றுதான் உள்ளே போவார். புதுமருமகளாக வந்த அண்ணி அதைப் பார்த்துவிட்டு, இருமல் மருந்து வாங்கிக்கொண்டு வந்து நீட்டினாளாம். வீடே சிரித்தது.

புது செட் செய்து தருகிறேன் என்று இவள்தான் ஆரம்பித்தாள். உள்ளூர் டாக்டரிடம் அளவு கொடுக்க அம்மா மாட்டவே மாட்டேன் என்றாள். "தெரிஞ்சவன் பார்த்துடுவான்டி." சரி, பழைய செட்டுக்குள்ளேயே அச்செடுக்கிற பசை பூசி, கடித்துக் கொடு, அதிலிருந்தே அளவு எடுத்துக்கொள்கிறேன் என்றாள் இவள். அம்மா குளியலறையில் தாழிட்டுக்கொண்டு கடித்தாள். கைக்குட்டையில் சுற்றி, ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு மறுகையால் நீட்டினாள். "பத்தே நாள்மா" என்று சொல்லி அதை வாங்கிக்கொண்டு விமானம் ஏறினாள் மகள்.

பத்து நாள் ஐம்பது நாள் ஆனது. முதலில் செய்ததில் நிறம் சரியில்லை. இரண்டாவதில் முன்பல் வரிசை யாரோ ஒருத்தி சிரிக்கிற மாதிரி இருந்தது. மூன்றாவதுதான் அம்மா. அப்புறம் லீவு கிடைக்கவில்லை. "கூரியர்ல போட்டு விடேன்டி," என்று அம்மா எத்தனை தடவை கெஞ்சினாள்! "தொலைச்சிடுவாங்கம்மா. நானே கையோட கொண்டு வரேன்." வீடியோவில் கூப்பிட்டால் அம்மா கைப்பேசியைக் கூரையைப் பார்க்க வைத்துவிடுவாள். ஐம்பது நாளும் இவள் சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்துப் பேசினாள். போன வாரம் அந்த மின்விசிறி சொன்னது: "எனக்கு ஏதாவது ஒண்ணு ஆயிட்டா, பல்லில்லாம என்னை யாருக்கும் காட்டிடாதே." விளையாட்டுப் பேச்சு என்று நினைத்து, "அப்பாவுக்குமா?" என்றாள். "அவருக்குத்தான் முக்கியமா," என்றது.

வீட்டு வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. கூடத்தில் அம்மாவைப் படுக்க வைத்திருந்தார்கள். தலையைச் சுற்றித் தாடைக்கு ஒரு கட்டு. போர்வை மூக்கு வரை ஏறியிருந்தது. கண்ணும் நெற்றியும் மட்டும் அம்மாவாக இருந்தன. இவள் அழக் குனிந்தவள் அழவில்லை. காது அந்த 'டக்'கைத் தேடிக்கொண்டிருந்தது.

அண்ணி அவளைச் சமையலறைக்குள் இழுத்துப்போனாள்.

"நான்தான் முதல்ல பார்த்தேன். வாய் மேல கை வச்சிருந்தாங்க. தூக்கத்துலயும் பொத்திட்டே இருந்திருக்காங்க. கையை எடுத்தா வாய் திறந்துக்கிச்சு. அதான் தாடையை இறுக்கிக் கட்டிட்டேன். போர்வையையும் இழுத்து விட்டேன். தப்பா?"

"இல்ல அண்ணி. அப்பா பக்கத்துல இல்லையா?"

"உனக்குத் தெரியாதா? ஒண்ணரை மாசமா அத்தை பின்ரூம்லதான் படுத்தாங்க. மாமா குறட்டை தாங்கலன்னு சொன்னாங்க. காலைல நான் கத்தினதும் மாமா ஓடி வந்தார். ஆனா வாசப்படியிலயே நின்னுட்டார். உள்ள வரவே இல்ல."

ஒண்ணரை மாதம். இவளுக்குக் கணக்குப் போட விரல் தேவைப்படவில்லை. அம்மா அந்தப் பின்னறையில் தனியாகச் செத்தது தன்னால்தான். ராத்திரி மூச்சு முட்டியபோது எட்டிப் பிடிக்கப் பக்கத்தில் ஒரு கை இல்லாமல் செய்தது, கைக்குட்டையில் சுற்றி வாங்கிக்கொண்ட தன்னுடைய இந்தக் கை. மாரடைப்பு என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். டாக்டருக்கு என்ன தெரியும்!

அவள் கூடத்துக்குப் போய் அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டாள். வந்தவர்கள் குனிந்தபோதெல்லாம் போர்வை ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். முதலில் யாரும் கவனிக்கவில்லை. பெரியம்மா வந்ததும் கதை மாறியது. பெரியம்மாவுக்கு எழுபது வயதிலும் முப்பத்திரண்டு பல். அதைச் சொல்லாமல் எந்த விசேஷமும் முடிந்ததில்லை. மாரில் அடித்துக்கொண்டு வந்தவள், நேராகப் போர்வையில் கை வைத்தாள்.

"கை வைக்காதீங்க பெரியம்மா."

"என்னடி இது! என் கூடப்பிறந்தவ முகத்தைப் பார்க்க நான் உன்கிட்ட பாஸ் வாங்கணுமா?"

"அப்புறம் பார்க்கலாம் பெரியம்மா. கொஞ்சம் பொறுங்க."

"எப்பப் பார்க்கறது? தூக்கிட்டுப் போனப்புறமா? வாயில என்ன அவளுக்கு? என்னத்தை மறைக்கறீங்க?"

அந்தக் கேள்வி கூடத்தைச் சுற்றி வந்தது. யாரோ யாரிடமோ, அடிகிடி பட்டிருக்குமோ என்று முணுமுணுப்பது இவள் காதில் விழுந்தது. அண்ணன் குனிந்து, "ஆளாளுக்கு ஒண்ணு பேசறாங்க. எடுத்து விடேன், என்ன வந்தது இப்ப?" என்றான். "வந்துடும்ணா," என்றாள். எது வரும் என்று அவளும் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. அப்பா மூலை நாற்காலியில் தரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து ஒருவார்த்தை பேசவில்லையாம்.

மூன்று மணி சுமாருக்குக் கைப்பேசி அதிர்ந்தது. "மேடம், பை கிடைச்சிடுச்சு. வேற விமானத்துப் பெட்டிங்களோட சுத்திக்கிட்டிருந்தது. ஆள்கிட்ட கொடுத்து அனுப்பிட்டேன்." அவள் நன்றிகூடச் சொல்லாமல் வைத்துவிட்டாள்.

அம்மாவை எடுத்துப்போகும் வண்டி சொன்ன நேரத்துக்கு வந்து நின்றது. அரை மணி, அரை மணி என்று அவள் அண்ணன் கையைப் பிடித்துக் கெஞ்சினாள். நாலேகால் மணிக்கு ஒரு ஆள் வாசலில் வந்து, கூட்டத்தைப் பார்த்துத் திகைத்து, பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றான். அவள் செருப்பில்லாமல் ஓடிப்போய்க் கையெழுத்துப் போட்டாள். ஜிப் அறுந்திருந்தது. செயின் இல்லை. டேப்லெட் இல்லை. நீல டப்பா இருந்தது. திருடியவன் அதையும் திறந்து பார்த்திருக்கிறான். மூடியைத் தலைகீழாகப் போட்டிருந்தான். நல்லா இருடா, என்று அந்த முகம் தெரியாத திருடனை மனதார வாழ்த்தினாள்.

"பத்து நிமிஷம். எல்லாரும் வெளியே இருங்க," என்றாள் கூடத்தைப் பார்த்து. பெரியம்மா வாயைத் திறப்பதற்குள் அண்ணி அவள் தோளைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனாள். அப்பா மட்டும் எழுந்திருக்கவில்லை.

"அப்பா, நீங்களும்..."

அவர் டப்பாவைப் பார்த்தார். எழுந்தார். வெளியே போகாமல், சுவர் ஓரமாகப் போய் ஸ்விட்ச் போர்டுக்கு முகத்தைக் கொடுத்து நின்றுகொண்டார்.

"நீ உன் வேலையைப் பாரும்மா. நான் திரும்ப மாட்டேன்."

அவள் கதவைச் சாத்தினாள். போர்வையை இறக்கினாள். முதன்முறையாக அந்த வாயைப் பார்த்தாள். உதடு உள்ளே போய், கன்னம் குழிந்து, அம்மாவைவிடப் பத்து வருடம் மூத்த யாரோ ஒருத்தி. ஆனாலும் இவளுக்கு அது தெரிந்த வாய்தான். இதன் பிளாஸ்டர் அச்சு ஐம்பது நாள் இவள் மேஜையில் இருந்தது. ஒவ்வொரு மேடும் பள்ளமும் விரலுக்குத் தெரியும்.

கட்டை அவிழ்த்தாள். தாடையில் விரல் வைத்து மெல்ல அழுத்தினாள். அசையவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினாள். சமையலறையிலிருந்து வெந்நீர் கொண்டுவந்து, துணியை நனைத்துக் கன்னத்தில் ஒற்றினாள், தேய்த்தாள். பிளாஸ்டர்கூட இப்படி இறுகாது. "அம்மா, கொஞ்சம்மா... கொஞ்சமே கொஞ்சம்," என்று அவள் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருந்தாள். இன்னும் பலமாக அழுத்தினால் ஏதாவது உடையும் என்று விரல் சொன்னது. அங்கே கையை எடுத்துவிட்டாள்.

"ஆச்சா?" என்றார் அப்பா, சுவரைப் பார்த்தபடி.

"ஆகலப்பா." இப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. "நான் லேட்டா வந்துட்டேன்ப்பா. என்னாலதான் எல்லாம். அம்மா பின்ரூமுக்குப் போனது என்னாலதான். குறட்டை எல்லாம் இல்லப்பா."

"தெரியும்," என்றார். "இத்தனை வருஷமா வராத குறட்டை திடீர்னு வருமா? தினம் அந்தக் கதவு வரைக்கும் போவேன். கூப்பிடணும்னு இருக்கும். கூப்பிட்டா வெட்கப்படுவாளேன்னு திரும்பிடுவேன். கூப்பிட்டிருக்கணும்மா. நான்தான் கூப்பிடல."

அவர் முதுகு குலுங்கியது. ஆனால் திரும்பவில்லை.

"அப்பா, நீங்களாவது ஒருதடவை பாருங்கப்பா. இனிமே எப்ப..."

"வேண்டாம். கோவிச்சுப்பா. மூடு."

அவள் பழைய செட்டை எடுத்து, அம்மாவின் உள்ளங்கைக்கு அடியில் செருகினாள். தாடையைக் கட்டினாள். பையிலிருந்து வெள்ளைக் கைக்குட்டை எடுத்து, மூக்குக்குக் கீழே விரித்து, நாலு மூலையையும் போர்வைக்குள் சொருகினாள். "மூடியாச்சுப்பா," என்றதும்தான் அப்பா திரும்பினார். வந்து, மனைவியின் நெற்றியில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

கதவு திறந்ததும் முதல் ஆளாகப் பெரியம்மா நுழைந்தாள். கைக்குட்டையைப் பார்த்தாள். "இது என்ன புதுசா? இப்பவாவது காட்டுவியா, மாட்டியாடி?"

"நான் பார்த்துட்டேன் அண்ணி," என்றார் அப்பா பெரியம்மாவிடம். "நல்லா இருக்கா. அது போதும். எடுங்க."

அவர் குரலைக் கேட்டே வெகுநேரம் ஆகியிருந்தது. பெரியம்மா கையை இழுத்துக்கொண்டாள்.

எல்லாம் முடிந்து வீடு திரும்பி, எல்லாரும் குளித்து, வந்தவர்களும் கலைந்தபோது பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. அவள் பின்னறைக்குப் போனாள். அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்து அலமாரியில், செட்டை ஊற வைக்க அம்மா கூடவே கொண்டுவந்திருந்த கண்ணாடித் தம்ளர் காலியாக இருந்தது. ஐம்பது நாளாகக் காலியாக இருந்திருக்க வேண்டும், அடியில் தூசி. கழுவி, தண்ணீர் நிரப்பி, நீல டப்பாவிலிருந்த புது செட்டை அதற்குள் இறக்கினாள். அது கண்ணாடியில் பட்டு 'டக்' என்றது. கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்து, கூடத்துச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

கொஞ்ச நேரத்தில் அப்பா தலையணையை இடுக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போனார். அவளை அவர் கவனிக்கவில்லை. பின்னறைக் கதவுக்கு முன்னால் நின்றார்.

செருமினார்.

அவசரமில்லாமல், எப்போதும் நிற்கிற அளவு நேரம், தலையை லேசாகச் சாய்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெல்லக் கதவைத் திறந்து உள்ளே போனார்.