நடுவில் ஒரு துண்டு இல்லை

செய்த தப்பை ஒத்துக்கொள்ளும் வழக்கம் நாகஜோதிக்குக் கிடையாது. ஸ்ரீவில்லிபுத்தூரில் தையல் கடை வைத்திருக்கிறாள். ரவிக்கை இறுக்கிப் பிடித்தால், தையலில் குற்றமில்லை, நீங்கள்தான் பெருத்துவிட்டீர்கள் என்று சாதித்துவிடுவாள். அப்பேர்ப்பட்டவளே ஒரு வெள்ளிக்கிழமை வசமாக மாட்டிக்கொண்டாள்.

செண்பகத்தோப்புக்குப் போகிற வழியில் சங்கரலிங்கத்தின் மாந்தோப்பு இருக்கிறது. வேட்டையாடிப் பிழைத்த ஆதிமனிதர்கள் அங்கே உட்கார்ந்து கல்லாயுதம் செய்திருக்கலாம் என்று, தொல்லியல் ஆய்வாளர் இந்து அதன் ஓரத்தில் குழி தோண்டிக்கொண்டிருந்தாள். கூடமாட உதவ வந்தவர்கள் எல்லாம் ஊர்க்காரர்கள். கூலிக்கு வரவில்லை, ஆசைக்கு வந்தார்கள். அதில் நாகஜோதிதான் முதல் ஆள். கிடைத்த கல்சில்லுகள், எந்த ஆழத்தில் கிடைத்தவை என்று எழுதிய பொட்டலங்களாக அவள் கடையில்தான் பத்திரமாக இருந்தன.

வெள்ளிக்கிழமை பூஜைச் சாமான் விளக்க உட்கார்ந்தவளுக்கு, அத்தனை பழைய பொருள் மண்ணும் அழுக்குமாகக் கிடப்பது மனசுக்கு ஒப்பவில்லை. எல்லாப் பொட்டலத்தையும் ஒரே வாளியில் கொட்டினாள். குத்துவிளக்கோடு சேர்த்துப் புளி போட்டுத் தேய்த்து வெயிலில் பரப்பிவிட்டாள்.

இந்து வந்து பார்த்தாள். ஸ்டூலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"எது எங்க கெடந்ததுன்னு இனி எப்படிக்கா சொல்றது? எல்லாம் ஓடைத் தண்ணி உருட்டிட்டு வந்த கல்லுன்னுதான் தோப்புக்காரர் சொல்றாரு. திங்கக்கிழமை அந்த எடத்துல தென்னங்கன்னு வைக்க ஜேசிபி வரப்போகுது."

நாகஜோதி காய்ந்த சில்லுகளை முந்தானையில் அள்ளினாள். "வேற வழியே இல்லையா மேடம்?"

"ஒண்ணு இருக்கு. ஒரே கல்லுல உடைஞ்ச சில்லுங்க ஒண்ணோட ஒண்ணு பொருந்தும். பொருந்துச்சுன்னா, ஆள் அந்த எடத்துலயே உக்காந்து உடைச்சிருக்கான். தண்ணி இழுத்துட்டு வந்திருந்தா மூலைக்கு ஒண்ணாப் போயிருக்கும். ஆனா அதுக்கு மாசக்கணக்கா ஆகும்."

"எனக்கு அம்புட்டு நாள் ஆகாது. நான் கலைச்சத நானே சேக்கேன்."

கடையை அடைத்தாள். துணி வெட்டும் மேசையில் சில்லுகளைக் கொட்டி, சிவப்பு வரி ஓடியதை ஒரு பக்கம், வெள்ளையை ஒரு பக்கம் பிரித்தாள். இந்துவும் எதிரே உட்கார்ந்தாள். சனிக்கிழமை முழுக்க ஒன்றும் சேரவில்லை. கொழுப்பெடுத்துப்போய்க் கழுவினோமே என்று நாகஜோதி தன்னையே திட்டிக்கொண்டாள். ஞாயிறு மத்தியானம் சிவப்பு வரி ஒன்று இன்னொரு சில்லில் நேராக ஓடியது. இரண்டையும் ஒட்டிப் பிடித்தால் நகம்கூட நுழையவில்லை. அதன்பிறகு மளமளவென்று சேர்ந்து ஒரே கல்லாக வந்தன.

திங்கட்கிழமை ஜேசிபி உறுமிக்கொண்டு நின்றபோது, பாவாடை நாடாவால் கட்டிய அந்தக் கல்லைச் சங்கரலிங்கத்தின் கையில் வைத்தாள்.

"ஒரே கல்லு அண்ணாச்சி. இந்தக் குழிக்குள்ளேயே உக்காந்து உடைச்சிருக்கான். ஓடை கொண்டாந்ததில்ல."

அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நடுவில் விரல் நீளத்துக்கு ஒடுக்கமாக ஒரு பொந்து.

"இங்கன ஒண்ணைக் காணுமே. நீ கழுவுன கதைதான் ஊருக்கே தெரியுமே. அதுல தொலைச்சுட்டியாக்கும்?"

"கழுவுனது நாந்தான், தப்புதான்," என்றாள் நாகஜோதி. அந்த வார்த்தை அவள் வாயிலிருந்து வந்ததை இந்து நம்பாமல் பார்த்தாள். "ஆனா அதை நான் தொலைக்கல. அதுக்காகத்தான அவன் இம்புட்டையும் உடைச்சதே. வேண்டியது அந்தக் கல்லுக்கத்தி ஒண்ணுதான். அதை எடுத்துக்கிட்டு வேட்டைக்குப் போயிட்டான்."

சங்கரலிங்கம் பொந்துக்குள் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தார். பொறவு குழியைப் பார்த்தார், குழிக்கு அந்தப் பக்கம் மலையைப் பார்த்தார்.

"ஏலே, வண்டிய ரிவர்ஸ் எடு," என்றார் டிரைவரிடம்.

"என்ன அண்ணாச்சி, கன்னு வைக்கலையா?"

"கெழக்க வச்சுக்கிடுவோம். இங்கன ஆள் இருந்திருக்கு."