துர்க்காவின் பொட்டு

கனடா-அமெரிக்க எல்லைப் பாலத்தின் விரைவுப் பாதையில் போவதென்றால் காரில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் 'காட்' என்கிற அனுமதி அட்டை வேண்டும், கைக்குழந்தைக்கும்கூட. எங்கள் வீட்டில் கணவர் யூட்சனிடம் மட்டுமே அது இருந்தது. மாதத்துக்கு ஒருமுறை பஃபலோவில் அவருடைய அக்கா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் பாலத்தில் நத்தைபோல ஊர்ந்தோம். அதனால்தான் மகள் ஸ்டெபனிக்கும் எனக்கும் விண்ணப்பித்தோம்.

படிவத்தில் ஒரு கேள்வி: எப்போதாவது வேறு பெயரைப் பயன்படுத்தியதுண்டா?

என் நெற்றி குறுகுறுத்தது.

ஆறு வயதில் அதே பாலத்தை நான் இன்னொரு பிள்ளையின் கடவுச்சீட்டில், துர்க்காவாகக் கடந்தேன். என்னைக் கனடாவுக்குக் கூட்டிவந்த புனிதவதி அன்ரி என் கழுத்துச் சிலுவையைக் கழற்றிக் கைப்பைக்குள் போட்டுவிட்டு, நெற்றியில் ஒட்டுப்பொட்டு வைத்தார். "ஆர் கேட்டாலும் நான்தான் உன்ர அம்மா. விளங்கிச்சோ?" ஆற்றிலிருந்து வெள்ளையாய் ஏதோ எழுந்துகொண்டிருந்தது. எல்லை அதிகாரிகள் கேட்டார்கள், சொன்னேன். பொய் சொல்வதுபோல் இருக்கவில்லை. அவருடைய மடி சூடாக இருந்தது. ஸ்காபரோவில் அப்பா என்னை அன்ரியிடமிருந்து பொறுப்பெடுத்து என் சொந்தப் பெயரைத் திருப்பித் தந்தார். அந்தக் கடவுச்சீட்டின் உண்மையான துர்க்கா எங்கே என்று நான் எவரிடமும் கேட்டதில்லை. இப்போது விட்பியில் எங்கள் வீட்டில் தனியே இருக்கும் பகல்களில், அவள் இன்னும் ஆறு வயதோடு பாலத்தின் நடுவில் நிற்பதாகத் தோன்றும்.

"அந்தப் பேரை எழுதாதையும், ஷாமிலா," என்றார் யூட்சன். "ஆறு வயசில நடந்ததை ஆர் வந்து கேக்கப்போகினம்? பிறகு ஸ்டெபனியின்ர காட்டும் நிண்டுபோகும்."

எழுதவில்லை.

நேர்காணலில் அதிகாரி ஒரு நடுவயதுப் பெண். என்னைக் காட்டி, "இது யார்?" என்று ஸ்டெபனியிடம் கேட்டார்.

"மை மொம். ஒப்வியஸ்லி."

அதிகாரி சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இதே கேள்விக்கு நானும் இவ்வளவு சுலபமாகத்தான் பதில் சொல்லியிருந்தேன்.

"படிவத்தில் ஒரு பெயரை விட்டுவிட்டேன்," என்றேன்.

மேசைக்குக் கீழே யூட்சன் என் காலை மிதித்தார். நான் முழுவதையும் சொன்னேன். பொட்டையும்கூட. தட்டச்சு செய்துகொண்டே போன அதிகாரி கையை நிறுத்தி, "அந்தப் பிள்ளை இப்போது எங்கே?" என்று கேட்டார்.

"தெரியாது."

முப்பத்தாறு வருடங்களில் அதை முதன்முதலாகக் கேட்டவர் அவர்தான்.

மூன்று கிழமையில் ஸ்டெபனியின் காட் வந்தது. என்னுடையது விசாரணையில் இருப்பதாகக் கடிதம்.

"சொன்னனான் எல்லே," என்றார் யூட்சன். கோபம் இருந்தது, ஆனாலும் அடுத்த சனிக்கிழமை நீண்ட வரிசையில்தான் காரை விட்டார்.

"அம்மாவால நாங்கள் எல்லாரும் ஸ்லோ லேன்," என்று ஸ்டெபனி தன் காட்டை விசிறியாக்கினாள்.

"ஓமடி, என்னாலதான்."

பாலத்தின் நடுவில் கார் நின்றது. ஆற்றிலிருந்து அதே வெள்ளை மூடுபனி எழுந்தது. நான் கண்ணாடியை இறக்கினேன். விரைவுப் பாதையில் போயிருந்தால் இந்த இடத்தை ஒரு நொடியில் தாண்டியிருப்போம். அவளைத் தேட எனக்கு இன்னும் கொஞ்சம் நேரம் வேண்டும்.